குழந்தை எங்கே பார்க்கிறது? ஆட்டிசத்தை ஆராயும் மூளைப் படங்கள்

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஷுல்ட்ஸும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்டிசம் அல்லது ஆஸ்பெர்கர் நிலை உள்ள 14 பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, மனித முகங்களையும் பொருள்களையும் படங்களாகக் காட்டியிருந்தார்கள். மூளையின் அடிப்பரப்பில் ஃபியூசிஃபார்ம் என்று ஒரு மடிப்பு இருக்கிறது. முகங்களைப் பார்க்கும்போது பெரும்பாலான மனிதர்களுக்கு இந்த மடிப்பின் ஒரு பகுதி மும்முரமாக வேலை செய்யும். ஆட்டிசம் உள்ளவர்களிடம் அந்தப் பகுதி குறைவாகவே வேலை செய்தது. பொருள்களைப் பார்க்கும்போது இயங்குகிற பக்கத்துப் பகுதி, அவர்களுக்கு முகங்களைப் பார்க்கும்போதும் இயங்கியது.

ஆட்டிசம் உள்ளவர்கள் மனித முகத்தையும் ஒரு பொருளைப் போலவே பார்க்கிறார்கள் என்ற விளக்கம் இதிலிருந்து வேகமாகப் பரவியது. முகத்துக்கான மூளைப் பகுதியே பழுதுபட்டிருக்கிறது என்றும் சிலர் எழுதினார்கள். கண்ணைப் பார்த்துப் பேசாத குழந்தையின் நடத்தைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதாகவே தோன்றியது.

ஐந்தாண்டு கழித்து, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டேவிட்சனின் ஆய்வுக்கூடத்தில் கிம் டால்டனும் மற்றவர்களும் இதுபோன்ற சோதனையை ஒரு முக்கிய மாற்றத்துடன் செய்தார்கள். படம் காட்டும்போது பங்கேற்பவரின் கண் எங்கே நிலைகொள்கிறது என்பதையும் கூடவே பதிவு செய்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் படத்திலிருந்த முகத்தின் கண்களைக் குறைந்த நேரமே பார்த்திருந்தார்கள். பார்த்த நேரம் கூடக்கூட ஃபியூசிஃபார்ம் பகுதியின் இயக்கமும் கூடியது. அச்சத்தையும் முக்கியத்துவத்தையும் உணர்த்தும் அமிக்டாலாவின் இயக்கமும் அதோடு சேர்ந்து ஏறியது. பழுதென்று சொல்லப்பட்ட பகுதி, கண் அங்கே போகும்போது வேலை செய்தது. கண் அங்கே போவதுதான் அவர்களுக்குக் கடினமாக, ஒருவேளை வேதனையாகவும், இருந்தது.

இந்தத் திருப்பத்துக்குப் புதிய ஸ்கேன் தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. படுத்திருப்பவர் எங்கே பார்க்கிறார் என்று கவனித்ததே போதுமானதாக இருந்தது. ஆட்டிசம் பற்றிய மூளைப் பட ஆய்வுகளின் கால் நூற்றாண்டைப் புரட்டினால் இதே நிகழ்வு வேறு வேறு வடிவில் திரும்ப வருவதைக் காணலாம். படம் நடத்தையை விளக்கும் என்ற நம்பிக்கையோடு ஆய்வாளர்கள் தொடங்கினார்கள். நடத்தையை நெருங்கிக் கவனித்தால்தான் படமே விளங்கும் என்பதைப் போகப்போகக் கற்றுக்கொண்டார்கள். "ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா, டாக்டர்?" என்று நம் ஊரில் கேட்கும் பெற்றோருக்கு நேர்மையான பதில் அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

தாய்மீது விழுந்த பழி

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஆட்டிசத்தைத் தனி நிலையாக விவரித்தார். பிறரோடு உணர்வுபூர்வமாக ஒட்ட முடியாத தன்மை இந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருப்பதாக அதில் சொன்னார். ஆனால் பெற்றோரின் குளிர்ந்த சுபாவத்தைப் பற்றியும் சில வரிகள் எழுதியிருந்தார். அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைமுறையே தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் அந்தக் குற்றச்சாட்டைப் பொதுமக்களிடமும் கொண்டுசேர்த்தது. தாயின் அன்பு போதாததால் குழந்தை தனக்குள் ஒடுங்கிவிட்டது என்பதே அந்தக் காலத்தின் தீர்ப்பு.

அதை எதிர்த்து முதலில் வலுவாகப் பேசியவர்களில் ஒருவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அவர் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையும்கூட. ஆட்டிசம் நரம்பு மண்டலம் சார்ந்தது என்று 1964இல் அவர் வாதிட்டார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவாக உருவான 10 இணைகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. மரபணுக்களின் பங்கு வெளிப்படையாகத் தெரிந்தது.

மூளைப் படங்கள் இந்த வாதத்துக்குக் கண்ணால் காணும் வலுவைச் சேர்த்தன. 1988இல் எரிக் கோர்ஷென் குழுவினர், ஆட்டிசம் உள்ள 18 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்து, சிறுமூளையின் நடுப்பகுதியில் குறிப்பிட்ட சில மடல்கள் சிறுத்திருப்பதாக அறிவித்தார்கள். பின்னர் வயதையும் அறிவுத்திறனையும் ஈடுகட்டி ஒப்பிட்ட பிற குழுக்களுக்கு அந்த வேறுபாடு சீராகக் கிட்டவில்லை. இருந்தாலும், தேட வேண்டிய இடம் குழந்தையின் மூளைதான், தாயின் மனம் கிடையாது என்ற நிலைப்பாடு அதற்குள் உறுதியாகிவிட்டது. தனித்தனி முடிவுகள் பல பொய்த்த பிறகும் மூளைப் பட ஆய்வு தந்த முதல் பெரிய நன்மையாக இது நிற்கிறது.

நம் வீடுகளில் அந்தப் பழி வேறு உருவில் இன்னமும் உலவுகிறது. அம்மா வேலைக்குப் போனதால் வந்தது, செல்போனைக் கையில் கொடுத்ததால் வந்தது, கூட்டுக் குடும்பத்தில் வளராததால் வந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆட்டிசத்தின் வேர்கள் பெரும்பாலும் மரபணுக்களிலும், கருவில் மூளை உருவாகும் காலத்திலும் இருக்கின்றன. பிறந்து ஆறே மாதமான குழந்தைகளின் மூளையிலேயே அதன் தடயங்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதைப் பின்னால் பார்ப்போம்.

கருவி உண்மையில் எதை அளக்கிறது

எம்.ஆர்.ஐ. கருவி இரண்டு வகையான படங்களைத் தரும். ஒன்று மூளையின் வடிவத்தைக் காட்டுவது. மற்றொன்று மூளை இயங்கும் விதத்தைக் காட்டுவது, செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. என்று பெயர். இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கும்போதும் இறங்கியிருக்கும்போதும் காந்தப்புலத்தில் அதன் நடத்தை மாறுகிறது என்ற உண்மையைப் பயன்படுத்தி, இந்த முறைக்கு 1990இல் அடித்தளமிட்டவர் சேய்ஜி ஒகாவா. மூளையின் ஒரு பகுதி அதிகமாக உழைத்தால் அங்கே புதிய இரத்தம் பாயும். அந்தப் பாய்ச்சலைத்தான் கருவி அளக்கிறது. நரம்பணுக்களின் மின்துடிப்பு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் நடந்துவிடும், இரத்தத்தின் பதிலோ உச்சத்தைத் தொட ஐந்தாறு நொடிகள் ஆகும். படத்தின் மிகச்சிறிய புள்ளிக்குள்ளேயே பல்லாயிரக்கணக்கான நரம்பணுக்கள் அடங்கிவிடும். மின் மீட்டர் சுழலும் வேகத்தை வைத்து வீட்டுக்குள் என்ன வேலை நடக்கிறது என்று ஊகிப்பதைப் போன்றது இது. ஏதோ நடக்கிறது என்பது உறுதி, என்ன நடக்கிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டும்.

செய்தித்தாளில் நாம் காணும் சிவப்பும் மஞ்சளுமான திட்டுகள் கணக்கீட்டின் விளைவு. முகம் பார்த்தபோது கிடைத்த அளவிலிருந்து பொருள் பார்த்தபோது கிடைத்த அளவைக் கழித்து, பலரின் முடிவுகளைச் சராசரியாக்கி, குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய இடங்களுக்குக் கணினி நிறம் பூசுகிறது. எதைக் கழிப்பது, எல்லையை எங்கே வைப்பது என்பவற்றை மனிதர்களே தீர்மானிக்கிறார்கள். இந்தத் தீர்மானங்கள் எவ்வளவு முக்கியம் என்பதை 2020இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரே செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. தரவு 70 குழுக்களுக்குத் தரப்பட்டு, ஒன்பது கருதுகோள்கள் சரியா என்று கேட்கப்பட்டது. எந்த இரண்டு குழுக்களும் ஒரே வழிமுறையைக் கையாளவில்லை. பல கேள்விகளுக்குக் குழுக்களின் பதில்கள் கணிசமாக வேறுபட்டன. அது ஆட்டிசம் பற்றிய ஆய்வு அன்று. ஆனால் ஆட்டிச ஆய்வுகளும் அதே கருவியையும் அதே வகைக் கணக்கீடுகளையும் நம்பித்தான் நடக்கின்றன.

அரை மில்லிமீட்டர் அசைவு

2004இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மார்செல் ஜஸ்ட் குழுவினர், ஆட்டிசம் உள்ளவர்கள் வாக்கியங்களைப் படித்துப் பொருள் கொள்ளும்போது அவர்களுடைய மூளையின் தொலைவுப் பகுதிகள் போதிய அளவு ஒத்திசைந்து இயங்குவதில்லை என்று காட்டினார்கள். பகுதிகள் தனித்தனியே நன்றாக உழைக்கின்றன, அவற்றுக்கிடையேயான பிணைப்புதான் குறைவு என்பது அவர்களின் விளக்கம். நுணுக்கங்களில் வியக்கத்தக்க திறமையும், முழுமையைத் திரட்டிக்கொள்வதில் சிரமமும் ஒருசேர இருப்பதற்கு அது அழகாகப் பொருந்தியது. அடுத்தடுத்து வந்த பல ஆய்வுகள், தொலைவுப் பிணைப்பு குறைவு, அண்மைப் பிணைப்பு அதிகம் என்று சொல்லத் தொடங்கின.

2012இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பவரும் சகாக்களும் ஒரு குண்டைப் போட்டார்கள். ஸ்கேன் எடுக்கும்போது தலை மிகச் சிறிதளவு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, அசைந்தாலும் தரவில் ஓர் ஒழுங்கான பிழை புகுந்துவிடுகிறது என்று நிறுவினார்கள். அந்தப் பிழையின் உருவம்தான் அதிரவைத்தது. அசைவு மிகுந்தவர்களிடம் தொலைவுப் பிணைப்புகள் குறைந்ததுபோலவும் அண்மைப் பிணைப்புகள் கூடியதுபோலவும் தெரியும். ஆட்டிசத்தின் அடையாளமென்று எழுதப்பட்டு வந்த அதே கோலம். ஸ்கேன் கருவியின் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டக்கூடியது. ஒலிக்குக் கூசும் ஒரு குழந்தை அந்தக் குழலுக்குள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக நெளிவது இயல்பு. பென் டீனும் கெவின் பெல்ஃப்ரியும் அதே ஆண்டு நேச்சர் இதழில், ஆட்டிசத்தில் பிணைப்பு பற்றிய முந்தைய முடிவுகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதினார்கள்.

பிணைப்பு பற்றிய கருத்து அதோடு செத்துவிடவில்லை. அசைவைத் திருத்திய பிறகும் வேறுபாடுகள் எஞ்சுகின்றன. ஆனால் அவை ஒரே திசையில் இல்லை, சில இடங்களில் குறைவாகவும் சில இடங்களில் அதிகமாகவும் இருக்கின்றன. அவிட்டல் ஹகாமி, மார்லீன் பெர்மன், ரஃபேல் மலாக் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கோணத்தைத் திறந்தது. ஆட்டிசம் இல்லாதவர்களின் பிணைப்புக் கோலங்கள் ஒருவருக்கொருவர் ஓரளவு ஒத்துப்போயின. ஆட்டிசம் உள்ளவர்களிடம் ஒவ்வொருவரின் கோலமும் பொது வார்ப்பிலிருந்து தனக்கே உரிய விதத்தில் விலகியிருந்தது. இப்படிப்பட்டவர்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், எவருக்குமே பொருந்தாத ஒரு மூளையின் படம் கிடைத்துவிடும்.

யார் படத்தில் இல்லை

குழலுக்குள் அசையாமல் படுத்திருக்க முடிந்தவர்களைத்தான் ஸ்கேன் எடுக்க முடியும். இந்த எளிய உண்மை முழுத் துறையையும் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது. அமெரிக்க அரசின் கண்காணிப்புக் கணக்குப்படி, ஆட்டிசம் உள்ள எட்டு வயதுக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு அறிவுத்திறன் குறைபாடும் இருக்கிறது. மூளைப் பட ஆய்வுகளில் அவர்கள் அரிதாகவே இடம்பெறுகிறார்கள். பேச்சு வராத குழந்தைகளும் அப்படித்தான். ஏபைட் என்ற பொதுத் தரவுக் களஞ்சியம் 2012இல் 17 மையங்களிலிருந்து 1,112 பேரின் படங்களைத் திரட்டி உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. மிகப் பெரிய தொண்டு அது. ஆனால் அதிலும் ஆட்டிசம் உள்ளவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் ஆண்கள். பெண் குழந்தைகளின் மூளையைப் பற்றி நாம் சொல்லக்கூடியது இன்னும் குறைவு.

விடுபட்டவர்களைச் சேர்த்தால் முடிவே மாறிவிடலாம். 2001இல் கோர்ஷென் குழு, ஆட்டிசம் உள்ள இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் மூளை வழக்கத்தைவிடப் பெரிதாக இருப்பதாகவும், வளர்ந்த பிறகு அந்த வேறுபாடு மறைந்துவிடுவதாகவும் சொன்னது. முதலில் மிகையான வளர்ச்சி, பிறகு தேக்கம் என்ற இந்தச் சித்திரம் பாடநூல்கள் வரை போனது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கிளையைச் சேர்ந்த மைண்ட் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் அமரலும் கிறிஸ்டின் நோர்டாலும் ஒரே குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். சிறு குழந்தைகளை இரவில், இயல்பாகத் தூங்கும்போது ஸ்கேன் எடுத்தார்கள். வளர்ந்த குழந்தைகளுக்கு, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கும் சேர்த்து, மாதிரிக் குழலில் பொறுமையாகப் பயிற்சி கொடுத்தார்கள். நடத்தைப் பயிற்சியாளர்கள் கூடவே இருந்தார்கள். மயக்க மருந்து தராமலேயே தெளிவான படங்கள் கிடைத்தன.

அவர்கள் கண்டது இதுதான். ஆட்டிசம் உள்ள ஆண் குழந்தைகளில் சுமார் 15 விழுக்காட்டினருக்கு, உடல் உயரத்துக்குப் பொருந்தாத அளவில் மூளை பெரிதாக இருக்கிறது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. பெரிய மூளை கொண்ட அந்தக் குழந்தைகளுக்கு வளர்ந்த பிறகும் அது பெரிதாகவே இருக்கிறது. முந்தைய ஆய்வுகளில் வேறுபாடு மறைந்ததுபோலத் தெரிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், வளர்ந்த குழந்தைகளை ஆராயும்போது கூடுதல் உதவி தேவைப்படுபவர்கள் ஸ்கேனுக்கு வராமல் விடுபட்டுப் போனதுதான் என்று அவர்களின் 2021ஆம் ஆண்டுக் கட்டுரை விளக்கியது. தூங்கவைத்தும் பழக்கியும் காத்திருந்தும் அந்தக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்ட பிறகே இந்த உண்மை வெளியே வந்தது.

உறுத்தும் துணி, உறைக்கும் சத்தம்

நடத்தையைப் புரிந்துகொள்வதில் மூளைப் படங்கள் தந்த மிகப் பயனுள்ள பாடம் என்று நான் கருதுவது லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷூலமைட் கிரீன் நடத்திய ஆய்வுகளை. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் சட்டையின் லேபிள் உறுத்துவதால் சட்டையையே கழற்றி எறிவார்கள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வார்கள். திருமண மண்டபத்தில் மேளம் தொடங்கியதும் தரையில் விழுந்து அழுவார்கள். சுற்றியிருப்பவர்கள் அதற்கு அடம், செல்லம், வளர்ப்புக் கோளாறு என்று பெயர் வைப்பார்கள்.

கிரீன் குழுவினர் ஸ்கேனுக்குள் படுத்திருந்த சிறுவர்களின் கையில் சொரசொரப்பான கம்பளித் துணியால் தேய்த்தார்கள், போக்குவரத்து இரைச்சலைக் கேட்கவைத்தார்கள். எல்லோருக்கும் லேசாக எரிச்சல் தரும் தூண்டல்கள்தான். ஆட்டிசம் உள்ளவர்களில் உணர்வுக் கூச்சம் மிகுந்தவர்களுக்கு அமிக்டாலாவும் தொடு உணர்வு, செவிப்புலப் பகுதிகளும் மற்றவர்களைவிட மிக அதிகமாகக் கிளர்ந்தன. 2015இல் வெளியான ஆய்வு அதைவிட முக்கியமான ஒன்றைச் சொன்னது. ஆட்டிசம் இல்லாத சிறுவர்களின் மூளைக்கு அதே தூண்டல் திரும்பத் திரும்ப வரும்போது பழகிவிடுகிறது, கிளர்ச்சி படிப்படியாக இறங்குகிறது. கூச்சம் மிகுந்த ஆட்டிசக் குழந்தைகளுக்கு அது அந்த அளவுக்கு இறங்கவில்லை. திரும்ப வரும் தூண்டலும் வேகம் குறையாமல் வந்து தாக்குகிறது. ஆட்டிசம் இருந்தும் கூச்சம் குறைவாக உள்ளவர்களிடம், நெற்றிப்புற மூளைப் பகுதிகள் அமிக்டாலாவைத் தணிப்பதற்கான அறிகுறிகள் தெரிந்தன.

"கொஞ்ச நேரம் இருந்தால் பழகிவிடும்" என்று சொல்லி ஒரு குழந்தையைச் சத்தத்துக்குள் பிடித்து உட்காரவைப்பவர்கள் இந்த முடிவை ஒரு முறை யோசிக்க வேண்டும். பழகும் வசதி அந்த நேரத்தில் அந்த மூளைக்கு இல்லாமல் இருக்கலாம். காதடைப்பான் தருவதும், லேபிளை வெட்டிவிடுவதும், மண்டபத்தின் ஓரத்தில் அமைதியான ஓர் அறையைக் கேட்டு வாங்குவதும் செல்லம் கொடுப்பதாகாது.

கண்ணைப் பார்ப்பது பற்றியும் இதே திசையில் சான்றுகள் சேர்ந்தன. நூஷீன் ஹஜிகானி 2004இல், முகப் படங்களின் நடுவே ஒரு சிறு குறியை வைத்து அதைப் பார்க்கச் சொன்னபோது, ஆட்டிசம் உள்ளவர்களின் ஃபியூசிஃபார்ம் பகுதி இயல்பாகவே இயங்கியது. 2017இல் அவர் குழு, பார்வையைக் கண்களின் பகுதியிலேயே நிறுத்தவைத்தது. அப்போது மூளையின் ஆழ்பகுதிகளில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அளவுக்கு மீறிய கிளர்ச்சி எழுந்தது. கேரன் பியர்ஸும் எலிசபெத் ரெட்கேயும் 2008இல், அந்நிய முகங்களுக்குக் குறைவாக இயங்கும் அதே பகுதி, தாயின் முகத்தைக் காட்டினால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் இயல்பாக இயங்குகிறது என்று கண்டார்கள். யேலில் ஆராயப்பட்ட ஒரு சிறுவனுக்கு டிஜிமான் கார்ட்டூன் பாத்திரங்கள்மீது அளவற்ற பிரியம். மனித முகங்களுக்கு அசையாத அவனுடைய ஃபியூசிஃபார்ம் பகுதியும் அமிக்டாலாவும் டிஜிமான் உருவங்களுக்கு உற்சாகமாக இயங்கின. 2005இல் வெளியான இந்த ஒற்றைச் சிறுவனின் ஆய்வை மட்டும் வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனால் மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது, ஒரு குழந்தைக்கு யார், எது முக்கியம் என்று தெரியாமல் அதன் மூளைப் படத்தைப் படிக்க முடியாது என்பது தெளிவாகிறது. "என் கண்ணைப் பார்த்துச் சொல்" என்று முகத்தைப் பிடித்துத் திருப்பும் பயிற்சிகளை மறுபடி சிந்திக்க இவை போதுமான காரணங்கள்.

ஆறு மாதக் குழந்தையின் மூளை

நடத்தையில் தெளிவாகத் தெரிவதற்கு முன்பே ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க முடிந்தால், உதவியையும் முன்கூட்டியே தொடங்கலாம். அந்த நோக்கத்தோடு வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஜோசப் பிவன் தலைமையில் பல மையங்கள் சேர்ந்து, ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் பச்சிளங்குழந்தைகளைப் பின்தொடர்ந்தன. இப்படிப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஆட்டிசம் வரும். 2017இல் ஹெதர் ஹேஸ்லெட் முதன்மை ஆசிரியராக வெளியிட்ட கட்டுரையின்படி, பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளுக்கு 6 மாதம் முதல் 12 மாதத்துக்குள் மூளைப் புறணியின் பரப்பு மிக வேகமாக விரிந்திருந்தது. இந்த அளவுகளைக் கற்ற கணினி நிரல், இரண்டு வயதில் ஆட்டிசம் உறுதியாகவிருந்த குழந்தைகளில் 88 விழுக்காட்டினரை முன்பே அடையாளம் கண்டது. அது சுட்டிய குழந்தைகளில் 81 விழுக்காடு சரியாக இருந்தது. அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வில், ஆறு மாதமான 59 குழந்தைகளின் மூளைப் பிணைப்புகளை வைத்து, பின்னாளில் ஆட்டிசம் உறுதியான 11 பேரில் 9 பேரைச் சரியாகக் கணித்தார்கள்.

இந்த எண்களைக் கேட்டதும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். ஹேஸ்லெட் ஆய்வில் ஆட்டிசம் வராத குழந்தைகளில் சுமார் 5 விழுக்காட்டினரை நிரல் தவறாகச் சுட்டியது. பொதுமக்களில் நூற்றுக்கு ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொண்டு, ஆயிரம் குழந்தைகளுக்கு இதே துல்லியத்தோடு ஸ்கேன் எடுப்பதாகக் கணக்கிடுவோம். ஆட்டிசம் வரவிருக்கும் 10 பேரில் 9 பேரைக் கருவி கண்டுகொள்ளும். மீதி 990 பேரில் ஏறக்குறைய 50 பேரையும் அது சுட்டிவிடும். அழைத்துச் சொல்லப்படும் ஆறு குடும்பங்களில் ஐந்து குடும்பங்கள் வீணாகக் கலங்கும். மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் உள்ள வீடுகளில் பயன்படக்கூடிய முறை, ஊர் முழுவதற்கும் பயன்படாமல் போவது இப்படித்தான்.

சராசரியும் ஒரு குழந்தையும்

எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 2018இல், ஆட்டிசம் உள்ள 1,571 பேரின் படங்களையும் இல்லாத 1,651 பேரின் படங்களையும் 49 மையங்களிலிருந்து சேர்த்து ஒப்பிட்டது. அமிக்டாலா, புட்டாமென் போன்ற ஆழ்பகுதிகள் சராசரியில் சற்றுச் சிறிதாகவும், புறணியின் தடிப்பு நெற்றிப்புறத்தில் கூடுதலாகவும் பொட்டுப்புறத்தில் குறைவாகவும் இருந்தன. வேறுபாடுகள் உண்மையானவை, ஆனால் மிகச் சிறியவை. இரு பிரிவினரின் அளவுகளையும் ஒரே வரைபடத்தில் வரைந்தால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். ஒருவருடைய அமிக்டாலாவை அளந்து அவருக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று சொல்லவே முடியாது.

ஆட்டிசம் என்ற ஒரே பெயருக்குள் பல பாதைகள் கலந்திருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் குழு 2023இல், ஆட்டிசம் உள்ள 299 பேரின் மூளைப் பிணைப்புகளையும் நடத்தை அளவைகளையும் சேர்த்து ஆராய்ந்து, அவர்களை நான்கு உட்பிரிவுகளாகப் பிரிக்க முடிவதாகச் சொன்னது. சொல்திறன் சராசரியை மிஞ்சியவர்களும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களும், சமூக உறவில் மிகுந்த சிரமப்படுபவர்களும் வெவ்வேறு மூளைக் கோலங்களோடு இணைந்தார்கள். இந்தப் பிரிவுகள் மற்ற இடங்களிலும் உறுதிப்பட வேண்டும். ஆனாலும் பாதை சரியானது. ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என்ற இரு பெட்டிகளை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த துறை, நடத்தையின் வகைகளை முதலில் கவனித்துவிட்டு மூளைக்குப் போகக் கற்றிருக்கிறது.

வண்ணப் படத்தின் விலை

இன்றைய நிலையில் ஆட்டிசத்தை உறுதிசெய்யும் ஸ்கேன் எதுவும் கிடையாது. குழந்தையோடு விளையாடியும், பெற்றோரிடம் விரிவாகக் கேட்டும், வளர்ச்சியைக் கவனித்தும்தான் மருத்துவர்கள் முடிவுக்கு வருகிறார்கள். இந்தியாவில் 40 கூறுகளைக் கொண்ட ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோல் பயன்படுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அதற்கான சான்றிதழும் நடத்தை மதிப்பீட்டின் அடிப்படையில்தான் கிடைக்கிறது. வலிப்பு வந்தாலோ, கற்ற திறன்கள் திடீரென்று பின்னோக்கிப் போனாலோ, தலை அளவு மிகவும் மாறுபட்டிருந்தாலோ, நரம்பியல் பரிசோதனையில் வேறு அறிகுறி தென்பட்டாலோ மருத்துவர் எம்.ஆர்.ஐ. எழுதித் தருவார். அது வேறு நோய் எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அதில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தால், ஆட்டிசம் இல்லை என்று பொருள்படாது.

இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் நம் நாட்டில் மிகவும் கூடுதல். ஆட்டிசத்தை ஸ்டெம் செல் செலுத்திச் சரிசெய்வதாகச் சொல்லும் சில சிகிச்சை நிலையங்கள், மூளையின் இயக்கத்தைக் காட்டும் பெட் ஸ்கேன் படங்களைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்து, அவற்றை அருகருகே வைத்து, நிறம் மாறியிருப்பதைச் சான்றாகக் காட்டுகின்றன. இரண்டு படங்களுக்கிடையே குழந்தை தூங்கியதா, விழித்திருந்ததா, மயக்க மருந்து எவ்வளவு என்பதைப் பொறுத்தும் நிறம் மாறும். காலப்போக்கில் குழந்தை இயல்பாக வளர்வதாலும் மாறும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இரண்டு படங்களை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைகளுக்கான வாரியம் 2022இல், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்றும், அதைச் செய்வது தொழில் ஒழுங்கை மீறுவதாகும் என்றும் தெளிவாகச் சொன்னது. நகையை அடகுவைத்தும் நிலத்தை விற்றும் இப்படிப்பட்ட சிகிச்சைக்குச் செலவழிக்கும் குடும்பங்களிடம் இந்தச் செய்தி உரக்கச் சென்று சேர வேண்டும்.

இனி

ஆய்வு எந்தத் திசையில் போக வேண்டும் என்பது இந்த வரலாற்றிலேயே எழுதியிருக்கிறது. குழலுக்குள் அடைக்காத கருவிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். தலையில் தொப்பியைப் போலப் பொருத்தும் மின்னலைப் பதிவான இ.இ.ஜி. அப்படியொன்று. முகத்தைக் கண்டதும் ஏறத்தாழ ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரத்தில் எழும் மூளை அலை, ஆட்டிசம் உள்ள பலருக்குச் சற்றுத் தாமதமாக எழுகிறது. யேலின் ஜேம்ஸ் மெக்பார்ட்லண்ட் தலைமையிலான கூட்டமைப்பு முன்வைத்த இந்த அளவையை, மருந்து ஆய்வுகளில் பயன்படக்கூடியதா என்று மதிப்பிடும் தன் திட்டத்தில் 2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. எம்.ஆர்.ஐ.யோடு ஒப்பிட்டால் இ.இ.ஜி.க்குச் செலவு மிகக் குறைவு. இந்தியாவின் பல மாவட்டத் தலைநகரங்களில்கூட அது கிடைக்கும். பேச்சு வராத குழந்தையையும், அசையாமல் இருக்க முடியாத குழந்தையையும், பெண் குழந்தையையும் ஆய்வுக்குள் கொண்டுவர இப்படிப்பட்ட கருவிகளே வழிவிடும்.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் கேட்காமல் ஆய்வைத் திட்டமிடுவதும் நிற்க வேண்டும். கண்ணைப் பார்ப்பது தங்களுக்கு எரிவதுபோல இருக்கிறது என்று அவர்களில் பலர் ஸ்கேன் படம் வருவதற்கு வெகுமுன்பே சொல்லியும் எழுதியும் வந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டு ஆய்வைத் தொடங்கியிருந்தால் முகத்துக்கான பகுதி பழுது என்ற முடிவுக்கு அத்தனை ஆண்டுகள் பின்னே ஓடியிருக்க வேண்டியதில்லை.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த ஆய்வுகள் தரும் பயன் இன்றே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அதற்கு ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. குழந்தை எப்போது காதைப் பொத்துகிறது, எந்த முகத்தை விரும்பிப் பார்க்கிறது, எதைக் கண்டு உற்சாகமாகிறது, எந்த இடத்தில் தளர்ந்துபோகிறது என்று சில வாரங்கள் ஒரு நோட்டில் குறித்து, தெரபிஸ்டிடமும் மருத்துவரிடமும் கொண்டுபோங்கள். உலகின் சிறந்த ஆய்வுக்கூடங்கள் கால் நூற்றாண்டுக்குப் பிறகு எந்தக் கேள்விகளுக்கு வந்து சேர்ந்தனவோ, அதே கேள்விகளுக்கான பதில்கள் அந்த நோட்டில் இருக்கும். உங்கள் குழந்தைக்கு இன்று என்ன உதவி தேவை என்று முடிவெடுப்பதில் எந்த வண்ணப் படத்தையும்விட அது கூடுதலாகப் பயன்படும்.